ஒரு வாரத்தில் முளைத்த மலை

இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கிழக்கேதான் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் வெசூவியஸ் எரிமலை நிற்கிறது. அதன் அடியில் பொம்பேயி. பயணச்சீட்டு வாங்கும் வரிசையும் அங்கேதான். மேற்கே திரும்பினால் மலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தெரியாது. நெருக்கமான வீடுகள், ஒரு துறைமுகம், சில ஏரிகள், அரைவட்டம் அரைவட்டமாக வளைந்து போகும் மேடுகள், அவ்வளவுதான்.

உண்மையில் அந்த மேடுகள் எல்லாம் ஒரே எரிமலையின் விளிம்புகள். காம்பி ஃப்ளெக்ரெய் என்று பெயர். பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை உள்வாங்கி உண்டான பெரும் பள்ளம். பாதி தரையில் இருக்கிறது, பாதி கடலுக்குள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு முறையும் 15,000 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு முறையும் இது வெடித்த வெடிப்புக்கு முன்னால் பொம்பேயியைப் புதைத்த வெடிப்பு சின்னது. ஆபத்தானது எது என்று என்னைக் கேட்டால், கூம்பாக எழுந்து நின்று படத்துக்கு முகம் காட்டும் வெசூவியஸைச் சொல்ல மாட்டேன். மேல் இவ்வளவு பேர் குடியிருந்தும் எரிமலை போலவே தெரியாத இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பள்ளத்துக்குள் கடைசியாக முளைத்த குட்டி மலை ஒன்று உண்டு. மோன்டே நுவோவோ, அதாவது புது மலை. உயரம் 133 மீட்டர். வயது ஐந்நூறுகூட ஆகவில்லை. ஐரோப்பாவிலேயே இளைய மலை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இதைப் பார்க்கத்தான் நான் மொன்டேசான்டோ நிலையத்தில் கும்பகோணம் பாசஞ்சருக்கு இணையான கூட்டத்தோடு குமானா ரயிலில் ஏறினேன். நகரத்தைக் கடந்ததும் ஜன்னலுக்கு இடப்பக்கம் கடல் வரும். போட்ஸுவோலி தாண்டி ஆர்கோ ஃபெலிசே. அங்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மலையின் வாசல். பெரிய பலகையோ ஆரவாரமோ கிடையாது. அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் பூங்காவுக்குள் நுழைவது போலத்தான் இருந்தது. நான் போன காலையில் நாயோடு நடக்க வந்த முதியவர் ஒருவரும், ஆசிரியை பின்னால் வரிசையாக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பாதையில் காலடியில் நொறுங்குவது மண் அல்ல, கரிய கசடு. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். கோழிமுட்டை அளவு, அதற்கேற்ற கனம் இல்லை. மேலெல்லாம் துளை. சில துளைகள் உருண்டை, சில ஒரே பக்கமாக இழுபட்டு நீண்டவை. எரிமலைக் குழம்பு பறந்துகொண்டிருந்தபோதே உள்ளே இருந்த வாயு வெளியேறிய தடம் அது. ஓரத்தை விரலால் தடவினால் கண்ணாடிச் சில்லு போலக் கீறும். இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த எரிகா புதர்கள், மஞ்சளாகப் பூக்கும் முள்செடிகள். விளிம்புக்கு ஏறினால் உள்ளே ஆழமான கிண்ணம். அதன் அடி கிட்டத்தட்ட கடல் மட்டம் வரை இறங்குகிறது. அங்கே ஓக் மரங்கள் அடர்ந்து நிழலாகிவிட்டன. தெற்குச் சரிவில் ஓரிடத்தில் இன்னும் லேசாக வெதுவெதுப்பான ஆவி வருகிறது. ஆனால் மொத்தத்தில் பார்த்தால் ஒரு காட்டுப் பள்ளம். தெரியாமல் வந்தவர் எரிமலை என்றே நினைக்க மாட்டார்.

இந்த இடத்தில் முன்பு ட்ரிபேர்கொலே என்றொரு ஊர் இருந்தது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். நோயாளிகள் வந்து குளித்துப் போவதற்கு மருத்துவமனையும் விடுதிகளும் உண்டு. 1536 வாக்கில் இருந்து சுற்றுவட்டாரம் அடிக்கடி ஆடத் தொடங்கியது. 1538 செப்டம்பர் கடைசி வாரத்தில் இரவு பகல் பார்க்காமல் ஆடியது. 28ஆம் தேதி கடல் கரையை விட்டுச் சில நூறு அடி பின்வாங்கிவிட்டது. கடல் வற்றவில்லை, தரைதான் உப்பி எழுந்தது. மீன்கள் துள்ளக்கூட நீர் இல்லாமல் மணலில் கிடக்க, சனங்கள் போய் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மறுநாள் இருட்டியதும் ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் பிளந்தது. நெருப்பும் சேறும் கல்லும் கொட்டின. சாம்பல் நேப்பிள்ஸ் வரை போய் விழுந்தது.

அப்போது நேரில் பார்த்து எழுதியவர்களில் மார்க்கோ அன்டோனியோ தெல்லி ஃபல்கோனி என்பவருடைய விவரிப்பு மனத்தை விட்டுப் போகாது. விடிந்ததும் போட்ஸுவோலி மக்கள் சேற்றில் நனைந்தபடி நேப்பிள்ஸ் பக்கம் ஓடுகிறார்கள். ஒருவர் கையில் குழந்தை, ஒருவர் தலையில் மூட்டை, ஒருவர் குடும்பத்தையே கழுதையில் ஏற்றி நடத்திக்கொண்டு போகிறார். இன்னும் சிலர் வெடிப்பில் செத்து விழுந்த பறவைகளையும் கரையில் பொறுக்கிய மீன்களையும் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். உயிர் பிழைக்க ஓடும்போதும் மீனை விட மனசு வராத அந்த ஆட்களை எனக்கு நன்றாகவே புரிகிறது.

மலையின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே எழும்பிவிட்டது. அப்புறம் கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு வெடிப்பு, மறுபடி ஓய்வு. அடங்கிவிட்டது என்று நினைத்து அக்டோபர் 6ஆம் தேதி சிலர் வேடிக்கை பார்க்க மேலே ஏறினார்கள். அன்றைக்குத்தான் கடைசி வெடிப்பு. 24 பேர் இறந்தார்கள். அத்தோடு நின்றது. காம்பி ஃப்ளெக்ரெய் அதற்குப் பிறகு இன்றுவரை வெடிக்கவில்லை. ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வரத் தயங்கியதால், ஸ்பானிய அரசப் பிரதிநிதி பெத்ரோ தே தொலேதோ வரிச்சலுகை கொடுத்து, தானே போட்ஸுவோலியில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டு குடியேற வேண்டியிருந்தது.

இதற்கு முப்பது நாற்பது ஆண்டு முந்தைய ஓர் ஆவணம்தான் எனக்கு இந்த வெடிப்பைவிடச் சுவையானது. 1503இல் ஸ்பானிய அரசர் ஃபெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும் போட்ஸுவோலி நகரத்துக்கு ஒரு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த நிலம்? கடல் வற்றிக்கொண்டே போவதால் புதிதாக வெளிப்பட்டு வரும் நிலம். 1511இல் இன்னொரு தானம், அதுவும் கடல்விட்டுப்போன நிலம்தான். எரிமலை பல ஆண்டுகளாக மூச்சை இழுத்துத் தரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அரசாங்கம் அதற்குப் பட்டா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது!

விளிம்பில் நின்று கீழே பார்த்தால் ரயில் பாதைக்கும் மலைக்கும் நடுவே ஒரு குட்டை தெரியும். லுக்ரினோ ஏரி. ஏரி என்று சொல்வது பழைய மரியாதைக்காக. 1538 சாம்பல் இதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. சுற்றிலும் உணவகங்கள், நிறுத்திய ஸ்கூட்டர்கள். ஆனால் ரோமர் காலத்தில் இந்த நீருக்கு இருந்த பேரே வேறு. கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்கியஸ் ஒராட்டா என்ற பணக்காரர் இங்கே சிப்பி வளர்த்து விற்றுப் பெரும்பணம் பார்த்தார். பொது ஏரியை வளைத்துப் போட்டுவிட்டார் என்று வழக்கு வந்தது. தரைக்கடியில் சூடேற்றும் தொங்கு குளியலறைகளைக் கட்டி விற்றவரும் இவரே. அதனால் வழக்காட வந்த க்ராஸ்ஸஸ், ஏரியை விட்டுத் துரத்தினாலும் இந்த ஆள் வீட்டு ஓட்டு மேலேயே சிப்பி வளர்த்துவிடுவார் என்று கிண்டலடித்தாராம்.

கி.பி. 59இல் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைக் கொல்ல, நடுக்கடலில் கூரை சரிந்து விழும்படி ஒரு கப்பல் செய்து அனுப்பினானே, அவள் நீந்தித் தப்பி மீன்படகுகளில் ஏறி வந்து சேர்ந்ததும் இந்த லுக்ரினோவுக்குத்தான். நான்தான் அக்ரிப்பினா என்று கத்திய தோழியைத் துடுப்பாலேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். அக்ரிப்பினா வாயைத் திறக்காமல் நீந்தினாள். ஆனாலும் அன்றிரவே வீட்டுக்கு ஆள் அனுப்பி முடித்துவிட்டான் மகன். இந்தக் கதையைப் படித்துவிட்டு அந்தக் குட்டை ஓரத்தில் காபி குடிப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து உள்ளே நடந்தால் சிறிது தூரத்தில் அவேர்னோ. இதுதான் உண்மையான ஏரி. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த இன்னொரு எரிமலை வாயில் நீர் நிரம்பி உண்டானது. ஆழம் 34 மீட்டர் வரை. நச்சு வாயுவால் இதற்கு மேல் பறவைகள் பறக்க முடியாது, பாதாளத்துக்கு வழி இங்கேதான் என்று பழையவர்கள் நம்பினார்கள். ரோமானியக் கவிஞர் வெர்ஜில் தன் காவியத்தின் ஆறாம் காண்டத்தில் அதன் நாயகன் ஈனியாஸை இந்த வழியாகத்தான் பாதாளத்துக்கு அனுப்புகிறார். இப்போது நீர்க்கோழிகள் கூட்டமாக மேய்கின்றன. சுற்றிவர நடைபாதை, ஓடுகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள். சரிவில் திராட்சைத் தோட்டங்கள். இந்த எரிமலை மணலில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிழைக்காது. ஐரோப்பா முழுக்கத் திராட்சையை அமெரிக்க வேரில் ஒட்டுப்போட வேண்டி வந்தபோது இங்கே கொடிகள் சொந்த வேரிலேயே நின்றுவிட்டன. 2022இல் ஒருமுறை நுண்பாசி பெருகி ஏரி முழுக்க இளஞ்சிவப்பாக மாறியது. வெர்ஜில் பார்த்திருந்தால் இன்னொரு காண்டம் எழுதியிருப்பார்.

பாதாள வாசலைப் பற்றிய பயத்தை ரோமர்கள் வைத்துக்கொண்டே இருக்கவில்லை. கி.மு. 37இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா, எதிரணித் தலைவர் செக்ஸ்டஸ் பொம்பேயைக் கடலில் எதிர்க்கக் கப்பற்படை கட்ட வேண்டி வந்தது. கடலிலிருந்து லுக்ரினோவுக்கும், அங்கிருந்து அவேர்னோவுக்கும் கால்வாய் வெட்டி, நரக வாயையே கப்பல் பட்டறை ஆக்கிவிட்டார். கொக்கேயுஸ் என்ற கட்டடக் கலைஞர் ஏரிக்கரையிலிருந்து கூமாவுக்கு மலைக்குள் ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை குடைந்தார். இரண்டாம் உலகப் போரில் அதை வெடிமருந்துக் கிடங்காக்கி, அது வெடித்துச் சிதைந்துவிட்டது. ஆக்கியதும் அழித்ததும் படைதான். எதிர்க்கரையில் அப்பல்லோ கோயில் என்று அழைக்கப்படும் உடைந்த மண்டபம் உண்மையில் ஒரு குளியல் மண்டபம். இடிந்து போன அதன் குவிமாடம் சுமார் 38 மீட்டர் அகலம், ரோமின் பாந்தியன் கோயிலை எட்டிப் பிடிக்கும் அளவு.

கூமாவை நான் வேகமாகத்தான் பார்த்தேன். கிரேக்கர்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் இத்தாலிப் பெருநிலத்தில் போட்ட முதல் குடியிருப்பு என்ற வகையில் முக்கியமான இடம். 1932இல் அமெதேயோ மயூரி கண்டெடுத்த சிபிலின், அதாவது குறிசொல்லும் பெண் பூசாரியின், குகை நூற்று முப்பது மீட்டர் நீளத்துக்குச் சரிவக வடிவில் போகிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால் என் கவனமெல்லாம் தரை ஏறி இறங்கியதில்தான் இருந்தது. அதற்குப் பையாதான் சரி.

பையா ரோமானியச் செல்வந்தர்களின் ஓய்வூர். சீசர் முதல் நீரோ வரை வீடு வைத்திருந்தார்கள். அதில் பாதி இப்போது கடலடியில், நாலைந்து மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. எரிமலை சீறி அழிக்கவில்லை, தரை நூற்றாண்டுக் கணக்கில் மெல்லத் தாழ்ந்து கடல் உள்ளே வந்துவிட்டது. 2002இல் இதைக் கடலடித் தொல்லியல் பூங்காவாக அறிவித்தார்கள். முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு வழிகாட்டியின் பின்னால் மிதந்தபோது முதலில் வெறும் மணலும் பாசியும்தான். அவர் மூழ்கிப் போய்க் கையால் விசிறினார். மணல் கலங்கி விலகியதும் கீழே கறுப்பு வெள்ளைத் தரைச் சித்திரம், கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கல்லும் சுண்டுவிரல் நகம் அளவு, ஒன்றுகூடப் பெயராமல். சற்றுத் தள்ளிக் கடலடியிலிருந்து குமிழ்கள் சரம் சரமாக மேலே வந்துகொண்டிருந்தன. எரிமலை வாயு. பார்த்து முடிந்ததும் வழிகாட்டி மணலைத் திரும்ப மூடிவிட்டார். கல்லைத் துளைக்கும் உயிர்களிடமிருந்து காப்பாற்ற அதுதான் வழி.

தரைமேல் உள்ள பையா இடிபாடுகளில் மெர்க்குரி கோயில் என்று பெயர் வாங்கிய இன்னொரு குளியல் மண்டபம் உண்டு. இருபத்தொன்றரை மீட்டர் குவிமாடம், பாந்தியனுக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. உள்ளே நீர் தேங்கியிருப்பதால் பலகைப் பாலத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். கிசுகிசுத்தால்கூட எதிரொலிக்கிறது. பக்கத்தில் ஒரு வளைவின் கூரையிலிருந்து அத்திமரம் ஒன்று தலைகீழாகத் தொங்கி வளர்கிறது. எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

இவ்வளவு பெரிய குவிமாடங்களை எப்படிக் கட்டினார்கள் என்றால், அதற்கும் எரிமலைதான் பதில். போட்ஸுவோலிச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்கடியிலும் இறுகும். ஏரோது மன்னர் பாலஸ்தீனத்தில் செசரியா துறைமுகம் கட்ட இந்தச் சாம்பலைக் கப்பலில் வரவழைத்தார். நம்மூரில் வீடு கட்டியவர்கள் சிமெண்ட் மூட்டையில் போர்ட்லண்ட் போஸோலானா என்று படித்திருப்பீர்கள். அது இந்த ஊர் பெயர்தான். இப்போது எரிமலைச் சாம்பலுக்குப் பதில் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல்.

போட்ஸுவோலிக்கும் நமக்கும் அதைவிடப் பழைய உறவு உண்டு. ரோமின் கீழைக் கடல் வணிகம் வெகுகாலம் இந்தத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கியது. தமிழ் பைபிளில் பவுல் கப்பலிலிருந்து வந்து இறங்கும் புத்தேயோலி இதுதான். அலெக்சாந்திரியா வழியாக வந்த மிளகும் இங்கேதான் கரையேறியிருக்கும். மறுதிசையில், அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளில் ஒரு வகையின் களிமண்ணில் கறுப்பு எரிமலை மணல் கலந்திருக்கிறது. நேப்பிள்ஸ் விரிகுடாப் பக்கத்து மண் அது. ரோமானிய எழுத்தாளர் ப்ளினி சொல்கிற கதையில் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையொதுங்கும் ஆள், அன்னியஸ் ப்ளொகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை. அந்த அன்னியஸ் குடும்பம் இந்த ஊர்க்காரர்கள் என்று கருதப்படுகிறது.

அந்த வணிகத்தின் சந்தைக் கட்டடம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. தெருமட்டத்துக்குக் கீழே, கம்பிவேலிக்குள். 1750இல் தோண்டியபோது செராப்பிஸ் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் கோயில் என்று நினைத்துவிட்டார்கள். பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் அடிப்பகுதி ஆள் உயரத்தின் இருமடங்கு வரை வழவழப்பாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பட்டை முழுக்கப் பேரீச்சங்கொட்டை நுழையும் அளவு துளைகள். அதற்கு மேல் மறுபடி வழவழப்பு. துளைகள் கல்துளைப்பான் சிப்பி செய்தவை. அமிலம் சுரந்து கல்லைக் கரைத்து உள்ளே குடியிருக்கும் கடல் உயிர், விரல் நீளம் வளர இருபது முப்பது ஆண்டு எடுக்கும். அது கடல்நீரில் மட்டுமே வாழும். அப்படியானால் இந்தத் தூண்கள் ரோமர் காலத்தில் காய்ந்த தரையில் நின்று, பிறகு அடிப்பகுதி மண்ணில் புதைய, நடுப்பகுதி கடலில் மூழ்கி, மறுபடி மேலே வந்திருக்கின்றன. இத்தனை நடந்தும் விழவில்லை. சார்லஸ் லயல் 1830இல் தன் நிலவியல் நூலின் முகப்புப் படமாக இந்த மூன்று தூண்களைத்தான் போட்டார். பூமி மெல்ல மெல்லத்தான் மாறுகிறது என்று சொல்ல வந்த புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது.

தரை இன்னும் சும்மா இல்லை. 1970 மார்ச்சில் போட்ஸுவோலியின் பழைய குடியிருப்பான ரியோனே தெர்ராவிலிருந்து சுமார் 3,000 பேரை ஒரே மூச்சில் வெளியேற்றினார்கள். 1982 முதல் 1984 வரை தரை 1.8 மீட்டர் எழுந்தது. சுமார் 40,000 பேர் வீட்டை விட்டார்கள். அவர்களுக்காக மொன்டெருஷெல்லோ என்ற புது ஊரே கட்டப்பட்டது. பிறகு இருபது ஆண்டு மெல்லத் தாழ்ந்தது. 2005 முதல் மறுபடி ஏற்றம், இதுவரை ஒன்றேகால் மீட்டருக்கும் மேல். சின்னத் துறைமுகத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. படித்துறை தலைக்கு மேல் நின்றது. கடல் வற்றிவிட்டதாக நினைத்த 1503ஆம் ஆண்டு ஆட்களைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. பார்க்க அப்படித்தான் இருக்கிறது. 2025 மார்ச்சிலும் ஜூனிலும் 4.6 அளவில் நில அதிர்வுகள் வந்தன.

நான் தங்கிய வீட்டு அம்மாளிடம் இதைக் கேட்டேன். அவர் சிறுமியாக இருந்தபோது 1983இல் வெளியேற்றப்பட்டு மொன்டெருஷெல்லோவில் வளர்ந்தவர். "அங்கே வீடு நன்றாகத்தான் இருந்தது, கடல் தெரியாது" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு கடல் தெரியும் இடத்துக்கே திரும்பிவிட்டார். கதவுக்குப் பின்னால் ஒரு தோள்பை தொங்கியது: மருந்து, காகிதங்கள், டார்ச்.

திட்டம் காகிதத்தில் தயாராக இருக்கிறது. ஆபத்துப் பகுதியில் உள்ள சுமார் ஐந்து லட்சம் பேரை 72 மணி நேரத்தில் வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் நாட்டின் வேறொரு மாநிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. போட்ஸுவோலிக்காரர்கள் போக வேண்டியது லொம்பார்டிக்கு. என் சந்தேகம் சாலைகளைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை லுக்ரினோவிலிருந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகிறது. எச்சரிக்கை நிலை 2012 டிசம்பர் முதல் மஞ்சளில் இருக்கிறது. பச்சைக்குத் திரும்பவில்லை, ஆரஞ்சுக்கும் போகவில்லை. வெசூவியஸ் ஆய்வகம் வாராவாரம் அறிக்கை வெளியிடுகிறது: தரை எத்தனை மில்லிமீட்டர் ஏறியது, எத்தனை அதிர்வு, வாயு எவ்வளவு. ஊர் திரும்பிய பிறகும் நான் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: சோல்ஃபடாரா என்ற கந்தகப் பள்ளத்தைப் பற்றிப் பழைய வழிகாட்டிகளில் எழுதியிருக்கும். 2017இல் ஒரு குடும்பத்தில் மூவர் அங்கே விழுந்து இறந்த பிறகு மூடிவிட்டார்கள். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். முதலில் தூண்கள், பிறகு புது மலை, கடைசியில் பையா என்ற வரிசை வசதி. மலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் வாசல் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நீந்தத் தெரியாதவர்களுக்குப் பையா துறையிலிருந்து கண்ணாடி அடிப் படகு உண்டு. முந்தைய நாள் காற்று அடித்திருந்தால் நீர் கலங்கிவிடும். அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் போங்கள்.